அன்றன்றே இணைத்தலும் அன்றன்றே சோதித்தலும்

(அம்பாசமுத்திரத்தில் நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில், உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இச்சங்கம் ஊன்றப்பட்ட நாளில் நம்முன் நின்ற வினா, "நம் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டுமா?" என்பது. இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த இன்று வினா மாறியிருக்கிறது. கணினி அறிவியலில் பட்டம் பெற்று வரும் நம் பிள்ளை, அத்துறையில் எந்த இடத்தில் நிற்கப் போகிறது? சொன்னதைச் செய்யும் இடத்திலா, எது சரி என்று தீர்மானிக்கும் இடத்திலா? வினா மாறியது வளர்ச்சிக்கு அடையாளம். ஆயினும் விடை தானாக வந்துவிடாது.

கணினித் துறையைப் பற்றி இளைஞர்களுக்குப் பயன்படும்படி பேசுக எனப் பொறுப்பாளர்கள் பணித்தனர். துறை முழுவதையும் பேசப் புகுந்தால் எதுவும் மனத்தில் தங்காது. ஆகவே ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் அதனைக் 'கன்டினியூயஸ் இன்டகிரேஷன்' என்பர். சுருக்கமாகச் சி.ஐ. நம் மொழியில் 'தொடர் ஒருங்கிணைப்பு' எனலாம். பலர் கூடி எழுதும் மென்பொருளை அன்றன்றே ஒன்றாக இணைத்து, இணைத்த ஒவ்வொரு முறையும் எந்திரத்தைக் கொண்டே சோதித்துப் பார்ப்பது என்பது அதன் பொருள். நான் பொறியாளன் அல்லன், பள்ளி ஆசிரியன். ஆனால் சோதிப்பதும் திருத்துவதும் முப்பதாண்டுகளாக என் தொழில். அந்த உரிமையோடு இதனைப் பேசுகிறேன்.

இணைக்கும் இடத்தில் பிறக்கும் பிழை

மென்பொருள் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுதி. ஒவ்வொரு கட்டளைத் தொகுப்பையும் நிரல் என்கிறோம். பெரிய மென்பொருளை ஒருவர் எழுதுவதில்லை, பத்துப் பேரோ நூறு பேரோ பங்கிட்டு எழுதுகின்றனர். நிரல்கள் எல்லாம் ஒரு பொதுக் களஞ்சியத்தில் இருக்கும். அவரவர் அதன் படியை எடுத்துச் சென்று, தம் பகுதியை எழுதி, மீண்டும் களஞ்சியத்தில் சேர்ப்பர். யார், எந்நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதை எல்லாம் பதிந்துவைக்க, லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 2005-ஆம் ஆண்டில் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் எழுதியதும் சரியாகவே இருக்கும். சேர்க்கும்போதுதான் குழப்பம். ஒருவர் கிலோமீட்டரில் எழுதியிருப்பார், மற்றவர் மைலில் படித்திருப்பார். இது கற்பனை அன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, 1998 டிசம்பர் 11 அன்று செவ்வாய்க் கோளை நோக்கி ஒரு விண்கலத்தை ஏவியது. மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்பது அதன் பெயர். ஒன்பது மாதங்கள் பயணம் செய்து, 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்த வேளையில் அக்கலம் அழிந்தது. கலத்தைச் செய்த நிறுவனத்தின் மென்பொருள், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் தந்தது. வழிநடத்திய குழுவின் மென்பொருள் அதனை நியூட்டன் அளவு என எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஏறத்தாழ நாலரை மடங்கு வேறுபாடு. இரு தரப்பிலும் இருந்தோர் கணக்கறியாதவர் அல்லர். இரண்டும் கூடும் இடத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே குறை.

நம் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு இவ்வுண்மை புதியதன்று. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை இவ்வாற்றில் எட்டு அணைக்கட்டுகள். நம் ஊரை ஒட்டி நதியுண்ணியும் கன்னடியனும் இருக்கின்றன. கால்வாய்க் கரை உடைவது பெருவெள்ளத்தினால் மட்டும் அன்று; ஒரு நண்டுவளையாலும் உடையும். வளையைக் கண்ட அன்றே ஒரு கூடை மண்ணிட்டு மிதித்தால் போதும். பத்து நாள் கவனியாது விட்டால் ஊரே திரண்டாலும் அடைக்க இயலாது. அக்கரையில் நாள்தோறும் நடந்து, வளையைக் கண்டு அடைத்து, வயலுக்கு நீர் பாய்ச்சியவர்களுள் நம் முன்னோர் பலர். அந்நீர் பாய்ந்த வயல்கள் பெரும்பாலும் அவர்களுடையனவாக இல்லை என்பது வேறு செய்தி. நாள்தோறும் கரையைப் பார்ப்பவனே கரையை அறிவான் என்னும் பாடம் நம் குருதியில் ஊறியது.

வழக்கம் வளர்ந்த வரலாறு

மாதக்கணக்கில் தனித்தனியே எழுதி, கடைசியில் ஒன்றாக இணைப்பதே முன்பு வழக்கம். இணைக்கும் வேலைக்கே சில வாரங்கள் பிடிக்கும். எத்தனை வாரம் என்று யாராலும் சொல்லவும் முடியாது. இத்துன்பத்துக்கு மாற்றாக, 1990-களின் தொடக்கத்தில் கிரேடி பூச் என்னும் அமெரிக்க அறிஞர் 'தொடர் ஒருங்கிணைப்பு' என்னும் பெயரை வழங்கினார். கென்ட் பெக் என்பார் 1999-இல் வெளியிட்ட நூலில், நாளொன்றுக்கு ஒருமுறை அன்று, பலமுறை இணைக்க வேண்டும் என்னும் நெறியை வகுத்தார். 2000-ஆம் ஆண்டில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரை இவ்வழக்கத்தை உலகறியச் செய்தது. மறு ஆண்டிலேயே, அவர் பணியாற்றிய தாட்வொர்க்ஸ் நிறுவனத்திலிருந்து 'குரூஸ் கன்ட்ரோல்' என்னும் கருவி வெளிவந்தது.

இவ்வரலாற்றில் நம் மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய பெயர் கோசுகே கவாகுச்சி. ஜப்பானியரான இவர், 2004-ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். இவர் சேர்க்கும் நிரலால் பொது நிரல் அவ்வப்போது முறிந்துபோவதும், உடன் பணிபுரிவோர் சினம் கொள்வதும் வழக்கமாயின. பிறர் கண்டு சொல்வதற்கு முன்னர்த் தம் பிழையைத் தாமே அறிய வேண்டும் என்று அவர் ஒரு கருவியைச் செய்தார். 'ஹட்சன்' எனப் பெயர் பெற்ற அது, 2011-இல் 'ஜென்கின்ஸ்' எனப் பெயர் மாறி, இன்று பல்லாயிரம் நிறுவனங்களில் இலவசமாகப் பயன்படுகிறது. பிழை செய்தவர் வெட்கி ஒதுங்கவில்லை. பிழையை உடனே காட்டும் எந்திரத்தைச் செய்து உலகுக்கே கொடுத்தார்.

பள்ளியிலும் இதே மாற்றம் நிகழ்ந்ததை ஆசிரியர்கள் அறிவர். ஆண்டு முழுவதும் கற்பித்துவிட்டு, ஏப்ரல் மாதத்தில் மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றினால் பிள்ளையின் தலையெழுத்தை முடிவு செய்தோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29-ஆம் பிரிவில், முழுமையான தொடர் மதிப்பீட்டை வலியுறுத்தியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு அது நடைமுறைக்கு வந்தது. கணக்கில் கடன்வாங்கிக் கழித்தல் தெரியாத பிள்ளையை ஜூன் மாதத்திலேயே கண்டுகொண்டால் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஏப்ரலில் கண்டால் சிவப்பு மையினால் சுழிக்க மட்டுமே முடியும். மென்பொருளுக்கும் இதே நியாயந்தான்.

தமிழ் எழுத்தை எண்ணிய கதை

இவ்வழக்கம் மேலைநாட்டுப் பெருநிறுவனங்களுக்கே உரியது என எண்ண வேண்டா. தமிழுக்காகத் தன்னார்வலர் செய்த பணியிலேயே இது கையாளப்பட்டிருக்கிறது. 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முதலியோர், 'ஓப்பன்-தமிழ்' என்னும் நிரல்தொகுதியைப் 'பைத்தான்' மொழியில் எழுதினர். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்தல், எண்ணுதல், அகர வரிசைப்படுத்தல் போன்ற அடிப்படைப் பணிகளை அது செய்யும். யாவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். யாரோ ஒருவர் எங்கிருந்தோ திருத்தம் அனுப்பும்போது, பழையன கெட்டுவிடாமல் காக்க வேண்டுமன்றோ? அதற்காக 'ட்ராவிஸ் சி.ஐ.' என்னும் சேவையை அவர்கள் அமைத்துக்கொண்டனர்.

எழுத்தை எண்ணுவதற்கு இத்தனை காவல் எதற்கு என நீங்கள் கேட்கலாம். 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். கணினியோ ஐந்து என்னும். யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக அச்சொல் சேமிக்கப்படுகிறது. யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் பைட்டுகளாக எண்ணினால் பதினைந்து. நம் அம்பாசமுத்திரத்துக்கு எழுத்து ஒன்பது, குறியீடு 15, பைட்டு 45. பைத்தான் மொழியின் பழைய இரண்டாம் பதிப்பும் புதிய மூன்றாம் பதிப்பும் சரங்களைக் கையாளும் முறையில் வேறுபட்டன. ஒன்றில் சரியாக ஓடியது மற்றதில் தவறலாம். 'தமிழ்' என்று கொடுத்தால் மூன்று என்று விடை வர வேண்டும் என்று ஒரு சோதனையை எழுதி வைத்துவிட்டால், ஒவ்வொரு திருத்தத்தின்போதும், ஒவ்வொரு பதிப்பிலும், எந்திரமே அதனை ஓட்டிப் பார்த்துவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நம் ஆற்றின் பழம்பெயர் பொருநை. இதன் முதலெழுத்தாகிய 'பொ' என்பதைக் கணினியில் இரு வகையாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம்; அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எந்திரத்துக்கு அவை வேறு வேறு சொற்கள். முன்னதில் ஆறு குறியீடு, பின்னதில் ஏழு. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் நிரல் இல்லையென்றால், ஒருவகையில் பதிந்த பெயரை மற்றொரு வகையில் தேடினால் 'இல்லை' என்று வரும். நம் பெண்களில் எத்தனை பொன்னம்மாள், எத்தனை பொன்மணி! உள்ள பெயரை இல்லை என்று சொல்லும் பட்டியலின் கொடுமையை நாம் வேறு வடிவங்களில் கண்டவர்கள்.

அமைக்கும் முறை

இனி, நம் இளைஞர்கள் இதனை எங்ஙனம் அமைப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பொருட்செலவு மிகுதியில்லை. ஒரு கணினியும் இணைய இணைப்பும் போதும்.

முதலாவது, நிரல் முழுவதையும் கிட் களஞ்சியத்தில் வையுங்கள். 'கிட்ஹப்', 'கிட்லேப்' போன்ற தளங்களில் கணக்குத் தொடங்கலாம். கடவுச்சொல், மக்களின் சொந்த விவரம் ஆகியவற்றைக் களஞ்சியத்தில் ஒருபோதும் இடலாகாது. ஒருமுறை இட்டால் பின்னர் அழித்தாலும் பழைய பதிவில் அது தங்கியிருக்கும்.

இரண்டாவது, சோதனைகளை எழுதுங்கள். இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விடை என்பதே ஒரு சோதனை. வினாத்தாளும் விடைக்குறிப்பும் ஒருங்கே இருப்பது போன்றது. பைத்தானில் எழுதுவோர்க்குப் 'பைடெஸ்ட்' என்னும் கருவி உதவும். முதல் நாளிலேயே நூறு சோதனை வேண்டா. மூன்று போதும். பிழை ஒன்று கண்டுபிடிக்கப்படும் போதெல்லாம், அதனைத் திருத்துமுன் அதற்குரிய சோதனையை எழுதிவிடுங்கள். அப்பிழை மீண்டும் வந்தால் எந்திரம் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, எந்திரத்துக்குக் கட்டளை ஓலை எழுதுங்கள். கிட்ஹப்பில் 'ஆக்ஷன்ஸ்' என்னும் வசதி உண்டு. களஞ்சியத்துக்குள் அதற்கென வகுத்த 'ஒர்க்ஃப்ளோஸ்' என்னும் கோப்புறையில், 'யாமல்' என்னும் வடிவில் ஒரு சிறு கோப்பை வைக்க வேண்டும். அதில் சொல்ல வேண்டியவை சிலவே. எப்போது ஓட வேண்டும்? புதிய நிரல் சேரும் போதெல்லாம். எங்கே ஓட வேண்டும்? உபுண்டு இயங்குதளம் உள்ள ஒரு புதிய கணினியில். என்ன செய்ய வேண்டும்? நிரலை எடு, பைத்தானை நிறுவு, தேவையான துணைத்தொகுதிகளை நிறுவு, சோதனைகளை ஓட்டு. யாமல் கோப்பில் வரியின் முன்னிடைவெளிக்கும் பொருள் உண்டு. அதனை இடைவெளிக் குறியால் மட்டும் இட வேண்டும். 'டேப்' விசையால் இட்டால் எந்திரம் ஏற்காது. தொடங்குவோர் பலர் தடுக்கி விழும் இடம் இது.

புதிய கணினி என்றேனே, அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. "என் கணினியில் ஓடுகிறதே!" என்பது நிரலாளர் எல்லாரும் சொல்லும் சமாதானம். அவர் கணினியில் முன்பே எதையோ நிறுவியிருப்பார்; அதை மறந்திருப்பார். ஒவ்வொரு முறையும் துடைத்த பலகை போன்ற கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது அச்சமாதானத்துக்கு இடமில்லாமல் போகிறது.

நான்காவது, வாயிலுக்குக் காவல் இடுங்கள். சோதனை அனைத்தும் தேறி, பச்சைக் குறி வந்தால் அன்றி, முதன்மைக் கிளையில் எவரும் நிரலைச் சேர்க்க முடியாது என்று களஞ்சியத்தில் விதி அமைக்கலாம். அவ்விதியிலிருந்து மூத்தவருக்கும் விலக்கு இருத்தல் கூடாது.

ஐந்தாவது, சிறுசிறிதாக, நாள்தோறும் இணையுங்கள். சோதனை பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது அனுபவசாலிகள் வகுத்த அளவு. நெடுநேரம் ஆனால் யாரும் விடைக்குக் காத்திரார். சிவப்புக் குறி வந்தால் பிற வேலையை நிறுத்திவிட்டு அதனைச் சரிசெய்வதே முதற்கடமை. நாளைக்குப் பார்க்கலாம் என்று சிவப்பை விட்டுவைக்கும் குழுவில், ஒரு மாதத்தில் சிவப்பு என்பதே கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும்.

சோதனையை எழுதுபவர் யார்?

அமைக்கும் முறை இவ்வளவே. இதனை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் நம் சமுதாயம் இதில் ஏன் சிறப்பாகக் கருத்துச் செலுத்த வேண்டும் என்பதற்கு இனித்தான் வருகிறேன். என் உரையின் உயிர்நிலை இதுவே.

இன்று சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இணையவழி விண்ணப்பத்தில் கிடைக்கின்றன. கல்வி உதவித்தொகையும் அவ்வழியே வருகிறது. அலுவலகத்து எழுத்தர் இருந்த இடத்தில் இன்று நிரல் இருக்கிறது. எழுத்தரிடம் கெஞ்சலாம், வாதாடலாம், மேலதிகாரியிடம் முறையிடலாம். நிரல் செவிகொடுக்காது. ஆகவே அந்நிரல் சரியா என்பதை முன்கூட்டியே சோதித்தாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். பட்டியல் சாதி மாணவர்க்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு, 2021-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பெற்றோர் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மிகாதிருக்க வேண்டும். 'மிகாதிருத்தல்' என்றால் சரியாக 2,50,000 உள்ளவர்க்கும் உண்டு. நிரலாளர் ஒருவர் 'அதற்குச் சமமாகவோ குறைவாகவோ' என்று எழுத வேண்டிய இடத்தில், 'அதற்குக் குறைவாக' என்று மட்டும் எழுதிவிட்டார் எனக் கொள்வோம். விடுபட்டது ஒரே ஒரு குறி. விளைவு யாது? சரியாக இரண்டரை இலட்சம் என்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகள் அனைவரும் ஒரே நொடியில் தகுதியிழப்பர். வருமானச் சான்றிதழில் முழுத் தொகையாக எழுதுவது வழக்கமாதலால், அவ்வாறு விடுபடுவோர் ஒருவர் இருவராக இருக்கமாட்டார்கள். ஏன் கிடைக்கவில்லை என்பதை அவர்களுள் எவரும் அறியவும் முடியாது.

இதற்குத் தேவைப்படும் சோதனைகள் மூன்றே மூன்று வரிகள். 2,49,999 ரூபாய்க்கு உண்டு. 2,50,000 ரூபாய்க்கு உண்டு. 2,50,001 ரூபாய்க்கு இல்லை. இம்மூன்றும் எழுதப்பட்டிருந்தால், அக்குறி விடுபட்ட அன்றே, பத்து நிமிடத்தில், சிவப்பு விளக்கு எரியும். ஒரு பிள்ளையும் பாதிக்கப்படாது.

ஆயின், எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளையை நினைத்துப் பார்த்து அச்சோதனையை எழுதுபவர் யார்? எந்திரம் தானாக எழுதாது. தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே அது சோதிக்கும். சொல்லப்படாததைப் பற்றி அது மௌனம் சாதிக்கும். அந்த மௌனத்துக்கும் பச்சை நிறந்தான்! வறுமையின் எல்லைக்கோட்டை வாழ்ந்து அறியாத ஒருவர், நன்னெஞ்சம் உடையவராயினும், அவ்வரியை எழுத நினைவு கொள்ளாமற் போகலாம். அக்கோட்டில் நின்று வளர்ந்தவர்க்கு அது முதல் வரியாகவே தோன்றும்.

மேலும் சில சொல்கிறேன். குடும்பப்பெயர் என ஒரு கட்டம் கட்டாயமாக இருந்தால், தலைப்பெழுத்து மட்டுமே உடைய தமிழ்ப்பிள்ளை அதில் எதை நிரப்பும்? தந்தை இல்லாது தாய் ஒருத்தியே வளர்க்கும் பிள்ளையின் விண்ணப்பத்தை அந்நிரல் ஏற்குமா? 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. தெருவின் பெயர் மாறும்போது, பழைய சான்றிதழில் பழைய முகவரியும் புதிய அட்டையில் புதிய முகவரியும் இருக்கும் பிள்ளையை, இரண்டும் பொருந்தவில்லை என்று நிரல் தள்ளிவிடலாகாது. இவை ஒவ்வொன்றும் ஒரு சோதனை. இவற்றை எழுதுவதற்குரிய அறிவு எந்தப் பொறியியல் நூலிலும் அச்சிடப்படவில்லை. அது நம் வீடுகளில் இருக்கிறது. நண்டுவளை எங்கே விழும் என்பது கரையில் நடந்தவனுக்கே தெரியும்.

ஆகவே என் பிள்ளைகளே! நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்; அத்துடன் நில்லாதீர்கள். சோதனை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். சட்டத்தின் வாசகத்தைப் படித்து, அதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஒரு சோதனையாக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அண்ணல் அம்பேத்கர் அரசியலமைப்பின் ஒவ்வொரு விதியையும், அது கடைசி மனிதனை எவ்வாறு தொடும் என்று எண்ணிப் பார்த்தவர். அவர் வழிவந்தோர்க்கு இது அயலான வேலையன்று.

மிகையாக நம்பற்க

இவ்வெந்திரத்தின் குறைகளையும் சொல்லாது விடுவது நேர்மையாகாது.

பச்சைக் குறி என்பது, எழுதிய சோதனைகள் தேறின என்பதற்கு மட்டுமே சான்று. நிரல் நல்லது என்பதற்குச் சான்றன்று. சோதிக்கும் கருவியிலேயே பிழை இருந்தாலோ கேட்கவே வேண்டா. 2024 ஜூலை 19 அன்று 'கிரவுட்ஸ்டிரைக்' என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு புதுப்பிப்பு, உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகளை முடக்கியது. நம் நாட்டின் விமான நிலையத்திலும் அன்று பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தனர். அப்புதுப்பிப்பைச் சரிபார்க்க வேண்டிய கருவியில் இருந்த பிழையினால் அது தடையின்றிக் கடந்துவிட்டதாக அந்நிறுவனமே பின்னர் அறிவித்தது. சோதிப்பவரையும் சோதித்தல் வேண்டும்.

அடுத்து, இலவசச் சேவை என்றும் நிலைக்கும் என எண்ணலாகாது. ஓப்பன்-தமிழ் முதலான பொதுத் திட்டங்களுக்கு உதவிய ட்ராவிஸ் சி.ஐ.-யின் பழைய இலவசத் தளம் 2021 ஜூனில் மூடப்பட்டது. அதனை நம்பியிருந்தோர் வேறிடம் தேட நேர்ந்தது. சோதனைகள் நம்முடைய களஞ்சியத்தில், நம் கணினியிலும் ஓடும் வண்ணம் இருக்குமானால், ஓட்டிக்கொடுக்கும் சேவை மாறினும் நமக்கு இழப்பில்லை.

மூன்றாவது, எந்திரம் யாருடைய ஊரையும் தெருவையும் கேட்பதில்லை. அனுப்பியவர் பெயரைப் பாராது அனுப்பிய நிரலை மட்டும் பார்க்கிறது. இது சிறியதோர் ஆறுதல் அன்று. எனினும் அவ்வெந்திரத்துக்கு அப்பால், வேலைக்கு எடுக்கும் அறையில் மனிதர் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் எந்திரம்போல் சமன்நோக்கு உடையவர் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே நியாயம் பெறுவதற்கு நம் அமைப்புகளும் சட்டமும் தேவை. ஆயினும் அவ்வறைக்குள் நுழையும் பிள்ளையின் கையில், தான் எழுதிய நிரலும், அது தேறிய நாளும், நாள்தோறும் உழைத்த பதிவும் பொதுக் களஞ்சியத்தில் யாவரும் காணக் கிடக்குமானால், திறமை இல்லை என்று சொல்லித் தள்ளுவது அத்தனை எளிதன்று.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நிறைவாக, சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருள் சென்னைக்கும் பெங்களூருக்கும் மட்டுமே உரியது என்னும் காலம் போயிற்று. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்கிவருகிறது. பட்டம் பெற்றுக் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு, சான்றிதழ் வகுப்புகளை மேலும் மேலும் நடத்துவதை விட, அவர்கள் கூடிச் செய்வதற்கு ஒரு பொதுப் பணியைக் கொடுங்கள்.

அப்பணி எதுவென்றும் சொல்லிவிடுகிறேன். நம் மாணவர்க்குக் கிடைக்கக்கூடிய உதவித்தொகைகளின் விதிகளைத் தமிழில் எளிமையாகக் கேட்டு, "உனக்கு இது உண்டு, இன்ன சான்றிதழ் வேண்டும், இன்ன நாளுக்குள் விண்ணப்பி" என்று விடை சொல்லும் ஒரு சிறு மென்பொருள். யாருடைய சொந்த விவரத்தையும் அது சேமிக்க வேண்டா. ஐந்தாறு இளைஞர்கள் எழுதட்டும். அதற்கு முன், வருமானக் கோட்டில் நிற்கும் பிள்ளை, தாய் மட்டும் உள்ள பிள்ளை, இரண்டு முகவரி உள்ள பிள்ளை, ஒகரத்தை இரு வகையாக எழுதிய பெயர் ஆகிய சோதனைகளை முதலில் எழுதட்டும். அச்சோதனைகள் யாவை என்பதை அவர்கள் தாமே முடிவு செய்ய வேண்டா. இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களைக் கேட்கட்டும். எந்த அலுவலகத்தில், எந்தக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று அவர்களே வரிசையாகச் சொல்வர். ஆண்டுதோறும் விதி மாறும். மாறும் போதெல்லாம் ஒரு சோதனை மாறும், ஒரு வரி மாறும், பச்சை விளக்கு மீண்டும் எரியும்.

எழுத்தறியாத தாய் சொன்ன குறையை, பட்டம் பெற்ற மகள் சோதனையாக எழுதி, எந்திரம் நாள்தோறும் காவல் காக்குமானால், இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்ததன் பயன் நம் கண்முன் நிற்கும். பொன்விழா மலரில் அம்மென்பொருளைப் பற்றிய அறிக்கை ஒன்று இடம்பெற வேண்டும் என விழைகிறேன்.

 வளர்க நம் கல்விச் சங்கம்! வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்!